பருவத்திற்கு முந்திய ஓட்டம்: ‘புதியா சிங்’ திரைப்படம் – ஒரு திறனாய்வு

விளையாட்டைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களுக்கென எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. வறுமையிலோ புறக்கணிப்பிலோ கிடக்கும் ஓர் இளையவர், அவருள் மறைந்திருக்கும் ஆற்றலைக் கண்டுகொள்ளும் ஒரு பயிற்சியாளர், இரக்கமற்ற பயிற்சி, ஊராரின் ஏளனம், அதிகாரத்தில் இருப்போர் இடும் தடை, இருவருக்கும் இடையே ஒரு பிணக்கு, முடிவில் கண்ணீரும் கைத்தட்டலும் கலந்த ஒரு வெற்றி. மொழி மாறலாம், விளையாட்டு மாறலாம், இக்கட்டமைப்பு மாறுவதில்லை. காப்பியங்களுக்கு நாட்டு வளமும் நகர் வளமும் போல, இவ்வகைப் படங்களுக்கு இவை வேண்டிய உறுப்புகளாகி விட்டன.

இவ்விலக்கணத்தின் உயிர்நிலை அந்த இறுதி வெற்றியில் இருக்கிறது. அவ்வெற்றி மாணவருக்குப் பதக்கத்தைத் தருகிறது. பயிற்சியாளருக்கோ மன்னிப்பைத் தருகிறது. இடையில் அவர் அடித்திருக்கலாம், பட்டினி போட்டிருக்கலாம், இழிசொல் கூறியிருக்கலாம். வெற்றிக் கம்பத்தில் கொடி ஏறும்போது அவையனைத்தும் அன்பின் வேறு வடிவங்களாக மாறிவிடுகின்றன. பார்வையாளராகிய நாமும் அம்மன்னிப்பை மனமுவந்து வழங்கிவிட்டு, ஈரக்கண்களோடு எழுந்து வருகிறோம்.

வெற்றியே வாய்க்காத ஒரு கதையில் அந்தப் பயிற்சியாளரை நாம் எவ்வாறு மதிப்பிடுவோம்? இவ்வினாவை நம்முன் வைக்கும் திரைப்படம் என்பதாலேயே, சௌமேந்திர பாடி இயக்கி 2016இல் வெளிவந்த ‘புதியா சிங்: பார்ன் டு ரன்’ என்னும் இந்திப் படத்தை இக்கட்டுரையின் பொருளாக எடுத்துக்கொண்டோம். 63ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த சிறுவர் படத்துக்கான விருதைப் பெற்ற படம் இது. ஆயினும் சிறுவர்களைவிடப் பெற்றோரும் ஆசிரியரும் பார்க்கவேண்டிய படம் என்பதே நம் கருத்து.

வெற்றி தரும் மன்னிப்பு

இப்படத்தின் தனித்தன்மையை உணர்வதற்கு, அதே 2016இல் வெளிவந்த வேறு இரு படங்களை அருகில் வைத்துப் பார்ப்பது தகும். அவ்வாண்டின் தொடக்கத்தில் சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ வந்தது; இறுதியில் நிதேஷ் திவாரியின் ‘தங்கல்’ வந்தது. முன்னது வடசென்னைப் பெண் ஒருத்தியைக் குத்துச்சண்டை வீராங்கனையாக்கும் பயிற்சியாளரின் கதை. பின்னது அரியானாச் சிற்றூர் ஒன்றில் தம் பெண்மக்களை மல்யுத்த வீராங்கனைகளாக்கிய தந்தையின் கதை. இரண்டுமே மக்கள் மனத்தைக் கவர்ந்தவை. கவரும் தகுதியும் உடையவை.

‘தங்கல்’ படத்தின் தந்தை, விடியுமுன் சிறுமியரை எழுப்பி ஓடவைக்கிறார். அவர்கள் அழ அழக் கூந்தலை வெட்டச் செய்கிறார். அவர்கள் விரும்பாத மண்களத்தில் இறக்குகிறார். இயக்குநர் இக்கொடுமையை உணராதவர் அல்லர். ஆதலால்தான் இளம்வயதில் திருமணமாகும் தோழி ஒருத்தியின் வாயிலாக, ‘உங்கள் தந்தை உங்களைப் பற்றி எண்ணவாவது செய்கிறாரே’ என்னும் பொருள்படப் பேசவைத்து, அச்சிறுமியர் மனம் ஒப்பிப் பயிற்சிக்கு வருவதாகக் காட்டுகிறார். ஒரு காட்சியில் பெறப்படும் இவ்வொப்புதலும், 2010ஆம் ஆண்டு தில்லிக் காமன்வெல்த் போட்டியில் உண்மையாகவே கிட்டிய தங்கமும் சேர்ந்து தந்தையின் வழக்கைத் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் நாம் வினவ ஒன்றும் எஞ்சுவதில்லை.

அந்தத் தங்கம் கிட்டாமற் போயிருந்தால் அக்கூந்தல் வெட்டப்பட்டது சரியா என்று அப்படம் நம்மை நினைக்கவிடுவதில்லை. வெற்றிபெற்ற குழந்தைகளின் கதைகளே படமாகின்றன. அவ்வாறே வளர்க்கப்பட்டுத் தோற்ற குழந்தைகளின் கதைகளை எடுப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. புதியா சிங்கின் கதை இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது. அவன் தோற்றவனும் அல்லன். வெற்றிக் கோட்டைத் தொட்டவனும் அல்லன்.

நடந்த வரலாறு

படத்தின் மூலப்பொருள் ஒடிசாவில் நடந்த உண்மை நிகழ்ச்சி. புவனேசுவரத்தின் குடிசைப் பகுதியில் 2002இல் பிறந்த சிறுவன் புதியா. வறுமை தாளாத தாய் அவனை 800 ரூபாய்க்கு ஒரு வணிகரிடம் கொடுத்துவிட்டார் என்று அந்நாளைய செய்திகள் கூறின. அந்நகரில் ஜூடோ பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்தி, ஆதரவற்ற சிறுவர்களையும் பேணிவந்த பிரஞ்சி தாஸ் என்பவர் அவனை மீட்டுத் தம்மோடு வைத்துக்கொண்டார். சிறுவன் சோர்வின்றி நெடுநேரம் ஓடுவதைக் கண்டு வியந்து, அவனை நெடுந்தொலைவு ஓட்டக்காரனாக்க முனைந்தார்.

2006ஆம் ஆண்டு மே மாதம், நான்கே வயதான அச்சிறுவன் பூரியிலிருந்து புவனேசுவரம் நோக்கி 65 கிலோமீட்டர் தொலைவை 7 மணி 2 நிமிடத்தில் ஓடினான். மாரத்தான் ஓட்டத்தின் தொலைவே 42.195 கிலோமீட்டர்தான் என்பதை நினைவிற்கொண்டால் இதன் அளவு புலப்படும். மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் உடன் ஓட, சாலையின் இருமருங்கும் மக்கள் ஆரவாரிக்க, ஒடிசாவின் கோடை வெயிலில் நடந்த ஓட்டம் அது. 70 கிலோமீட்டர் ஓடுவதாகத் திட்டம். உடல் தளர்ந்துபோனமையால் 65இல் நின்றது. ‘லிம்கா’ சாதனை நூலில் அவன் பெயர் இடம்பெற்றது. அதன்பின் அவனை ஆய்ந்த மருத்துவர்கள், ஊட்டக்குறைவும் இரத்தச்சோகையும் இருப்பதையும், இதயம் மிகுந்த சுமைக்கு ஆளாவதையும் தெரிவித்தனர். மாநில அரசு அவன் நெடுந்தொலைவு ஓடுவதற்குத் தடை விதித்தது.

பின்னர் தாய்க்கும் பயிற்சியாளருக்கும் பிணக்கு நேர்ந்தது. சிறுவனைத் துன்புறுத்தினார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் 2007இல் தாஸ் கைது செய்யப்பட்டார். அவர் அதனை மறுத்தார். சிறுவன் அரசின் விளையாட்டு விடுதியிற் சேர்க்கப்பட்டான். 2008 ஏப்ரலில் புவனேசுவரத்தில் தாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுவனின் ஓட்டத்தோடு தொடர்பற்ற வேறொரு பகையே அக்கொலைக்குக் காரணம் எனக் கூறப்பட்டது. இருவர் 2010இல் ஆயுள் தண்டனை பெற்றனர்.

ஒலிம்பிக் களத்தில் அச்சிறுவனை ஓடவைப்பதே தாஸின் கனவாக இருந்தது. படம் திரையரங்குகளுக்கு வந்த நாள் 2016 ஆகஸ்டு 5. ரியோ ஒலிம்பிக் போட்டியின் தொடக்க விழா நடந்த நாளும் அதுவே. அன்று கனவு கண்டவர் உயிரோடு இல்லை; கனவுக்கு உரியவனாகிய பதினான்கு வயதுச் சிறுவன் அக்களத்தில் இல்லை. விளையாட்டுப் படங்களின் இலக்கணம் கேட்கும் முடிவை வரலாறு தர மறுத்துவிட்டது.

மறதியிற் பிறந்த கண்டுபிடிப்பு

இனிப் படத்தைக் காண்போம். அதன் முதன்மையான காட்சி பூரிச் சாலை ஓட்டம் அன்று. அதற்கு முன்னரே வரும் சிறியதொரு காட்சிதான். தகாத சொல்லைப் பேசிய சிறுவனுக்குத் தண்டனையாக, மைதானத்தைச் சுற்றி ஓடுமாறு ஆணையிடுகிறார் தாஸ். பின்னர் அதனை மறந்து, வேறு வேலையாகப் போய்விடுகிறார். பல மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது சிறுவன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். தாஸின் முகத்தில் திகைப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே தோன்றுகின்றன.

எத்தனையோ படங்களில் ஆற்றலைக் கண்டறியும் காட்சியைப் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் அது பயிற்சியாளரின் கூர்ந்த பார்வைக்குச் சான்றாக அமையும். இங்கோ, கண்டுபிடிப்பு அவருடைய பார்வையிலிருந்து பிறக்கவில்லை, மறதியிலிருந்து பிறக்கிறது. ஒரு குழந்தையை வெயிலில் ஓடவிட்டு மறந்துபோன ஒருவர், திரும்பி வந்து முதலில் கேட்க வேண்டியது ‘ஏன் நிற்கவில்லை?’ என்பதாகும். ‘எவ்வாறு இவ்வளவு நேரம் ஓடினாய்?’ என்னும் வியப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

விற்கப்பட்ட குழந்தை அது. உணவும் உறைவிடமும் தந்த ஒருவர் இட்ட ஆணை அது. நிறுத்தச் சொல்லும் வரையில் நிற்கக்கூடாது என்று அக்குழந்தை எண்ணியிருந்தால், அந்த ஓட்டத்தில் பாதி ஆற்றல், பாதி அச்சம். இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. இக்காட்சியை மிகையான இசையின்றி, நீட்டி முழக்காமல் அமைத்தமைக்காக இயக்குநரைப் பாராட்ட வேண்டும். படம் முழுவதற்கும் உரிய வினா இச்சிறு காட்சியில் விதையாக இருக்கிறது.

பெருமிதமும் மருட்கையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தார். அவற்றுள் பெருமிதம் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்றார். வியப்பாகிய மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்றார். பெரியது மட்டுமன்றிச் சிறியதும் வியப்பைத் தரும் என்று அவர் கண்டது நுட்பமானது.

விளையாட்டுப் படங்கள் பொதுவாகப் பெருமிதத்தின்மேல் நிற்பவை. பெருமிதம் செய்வோனுக்கு உரியது. அவன் தான் கற்றதையும் தன் துணிவையும் அறிந்து நிமிர்கிறான். மருட்கையோ காண்போனுக்கு உரியது. பூரிச் சாலையில் திரண்ட மக்களின் உணர்ச்சி எதுவென்று பார்த்தால் அது மருட்கையே. நன்கு ஓடும் ஒருவனைக் காண அவர்கள் வரவில்லை. நான்கு வயதில் ஓடும் ஒருவனைக் காண வந்தார்கள். அவ்வியப்பிற்கு அடிப்படை அவனுடைய சிறுமை. அவனே இருபது வயதில் அதே தொலைவை ஓடியிருந்தால் சாலையோரத்தில் ஒருவரும் நின்றிரார்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். காண்போரின் மருட்கையால் வளரும் புகழ், குழந்தை வளர வளரத் தேய்வதாகும். ஒவ்வொரு பிறந்தநாளும் அப்புகழிலிருந்து ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும். ஆகவேதான் அதனை வளர்ப்போருக்கு ஓர் அவசரம் வந்துவிடுகிறது. இன்று 30 கிலோமீட்டர் என்றால் நாளை 40. நாளை மறுநாள் 65. பொறுத்திருந்தால் வியப்பு போய்விடும். படத்தில் தாஸின் ஒவ்வொரு முடிவிலும் இவ்வவசரம் ஒலிக்கிறது. அவரைப் பேராசைக்காரர் என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கூட்டத்தின் கண்களுக்குக் கட்டுப்பட்டவர் எனல் பொருந்தும். அக்கூட்டத்தில் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நாமும் இருந்தோம்.

படத்தின் வலிமை

தாஸாக நடித்துள்ள மனோஜ் பாஜ்பாய் இப்பாத்திரத்தை நல்லவர் என்றோ தீயவர் என்றோ ஒரு பக்கமாகச் சாய்த்துவிடவில்லை. சிறுவனிடம் அவர் காட்டும் அன்பு நடிப்பன்று. அவன்மேல் அவர் கொண்ட உரிமையும் நடிப்பன்று. இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில் எவ்வாறு ஒன்றையொன்று உண்டு வளர்கின்றன என்பதை அவர் தம் கண்களாலும் குரலின் ஏற்றத்தாழ்வாலும் காட்டுகிறார். அவன் வெற்றியைக் குறித்துப் பேசுகையில் அவர் முகம் மலர்கிறது. அது யாருடைய வெற்றியை எண்ணி மலர்கிறது என்று ஐயுறும்படியும் மலர்கிறது. சிறுவனாக நடித்த மயூர் படோலே மிகைப்படாமல், குறும்பும் வெறுமையும் கலந்த ஒரு பார்வையோடு இயல்பாக இருக்கிறான்.

படத்தின் வாதங்களுள் வலிமையானது ஒன்று உண்டு. அரசு அதிகாரிகளும் குழந்தை நலக் குழுவினரும் சிறுவனைக் காக்க ஓடிவருகையில், அவன் குடிசையிற் பசித்துக் கிடந்தபோதும் விலைக்குக் கொடுக்கப்பட்டபோதும் இவர்கள் எங்கிருந்தனர் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு எளிய விடை இல்லை. அவன் ஓடியதனால்தான் நாடு அவனைத் திரும்பிப் பார்த்தது. ஓடாத ஆயிரமாயிரம் குழந்தைகளை அது இன்றும் பார்க்கவில்லை. அவன் ஓடக்கூடாது என்று சொல்லும் எவரும், ஓடுவதற்கு முன்னர் அவனுக்குச் சோறு தந்தவர் யார் என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

இவ்வாதத்தை நாம் முழு மனத்தோடு ஏற்கிறோம். ஆயினும் இது அரசின் குற்றத்தை மெய்ப்பிக்கும். பயிற்சியாளரின் செயலை மெய்ப்பிக்காது. பசித்த குழந்தைக்குச் சோறிட்டவர் போற்றத்தக்கவர். அச்சோற்றின் விலையாக 65 கிலோமீட்டரைக் கேட்க அவருக்கு உரிமை உண்டா என்பது வேறு வினா. படம் இவ்விரு வினாக்களையும் சில இடங்களில் ஒன்றாக்கிவிடுகிறது.

படத்தின் வழுக்கல்

வெற்றி என்னும் மன்னிப்பு இக்கதையில் இல்லையென்று முன்னரே கூறினோம். அம்மன்னிப்பு இல்லாத இடத்தில் இயக்குநர் வேறொன்றைத் தேடுகிறார். அதிகாரத்தில் இருப்போரைக் கெட்டவர்களாக்கினால் பயிற்சியாளர் தானே நல்லவராகிவிடுவார் அல்லவா? படத்தின் பிற்பகுதியில் நிகழ்வது இதுதான். குழந்தை நலம் பேசுவோர் தந்நலம் உடையவராகவும், அரசியல் கணக்குப் போடுபவராகவும் ஒரே வண்ணத்தில் தீட்டப்படுகின்றனர். ‘தங்கல்’ படத்தில் தந்தையின் பெருமையை உயர்த்துவதற்கென ஒரு தேசியப் பயிற்சியாளர் கீழ்மைப்படுத்தப்பட்டதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம்.

இதனால் விளையும் தீங்கு யாதெனில், மெய்யான மருத்துவ உண்மைகள் நாம் வெறுக்கும்படி வரையப்பட்டவர்களின் வாயில் ஏறிவிடுகின்றன. சிறுவர்களின் உடல் பெரியவர்களின் உடலைச் சிறிதாக்கிய வடிவம் அன்று. அவர்களுக்கு வியர்வை குறைவு. வெப்பத்தைத் தணிக்கும் ஆற்றலும் அதனாற் குறைவு. எலும்புகளின் முனைகளில் வளரும் குருத்துப் பகுதி இன்னும் கெட்டிப்படாதது. இடைவிடாத அதிர்ச்சியால் அது ஊறுபடக்கூடும். மாரத்தான் போட்டிகள் பலவற்றில் 18 வயதுக்கு உட்பட்டோர் சேர்த்துக்கொள்ளப்படாமைக்குக் காரணம் இதுவே. யாரும் குழந்தைகளின் புகழைப் பொறுக்காமல் வகுத்த விதி அன்று அது. தீயவன் ஒருவன் கூறினாலும் உண்மை உண்மையே என்று பார்வையாளர் தாமே பிரித்தறிய வேண்டும் என விட்டுவிடுவது, இப்பொருளில், போதாது.

மற்றொரு குறை சிறுவனின் மனம் பற்றியது. தாஸ் என்ன நினைக்கிறார், அவர் மனைவி என்ன நினைக்கிறார், தாய் என்ன நினைக்கிறார், அரசு என்ன நினைக்கிறது என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. அவன் என்ன விரும்புகிறான் என்பது மட்டும் தெளிவாகவில்லை. ‘ஓடவே பிறந்தவன்’ என்று பொருள்படும் படத்தின் பெயரே அவனுக்காக விடை சொல்லிவிடுகிறது. நான்கு வயதுக் குழந்தை எதற்காகப் பிறந்தது என்பதை யார் அறிவார்? ஜெம்மா அட்வால் இயக்கிய ‘மாரத்தான் பாய்’ என்னும் ஆவணப்படம், நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்தபோதே பல ஆண்டுகள் உடனிருந்து பதிவு செய்தது. முடிவு தெரியாமல் எடுக்கப்பட்டதாலோ என்னவோ, தீர்ப்புக் கூறும் அவசரம் அதில் குறைவு. இரண்டையும் ஒருங்கே காண்பவர், கதைப்படம் எவ்விடங்களில் தாஸின் பக்கம் சாய்கிறது என்பதை எளிதில் உணர்வர்.

நெடுந்தொலைவு ஓட்டத்தையும் பயிற்சியாளரையும் பொருளாகக் கொண்ட தமிழ்ப்படம் ஒன்றும் இங்கு நினைவுக்கு வருகிறது. துரை செந்தில்குமாரின் ‘எதிர்நீச்சல்’ 2013இல் வந்தது. நகைச்சுவையிற் பொதிந்த அக்கதையில் சென்னை மாரத்தானில் ஓட முனையும் இளைஞன் வயதுவந்தவன். தானே முடிவு செய்தவன். அவனுக்குப் பயிற்சி அளிப்பவளோ பாலினச் சோதனையின் பெயரால் பதக்கத்தையும் மதிப்பையும் இழந்த ஓட்டக்காரி. 2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வென்ற வெள்ளியை இழக்க நேர்ந்த புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராசனின் வாழ்வை அப்பாத்திரம் நினைவூட்டியது. கலையளவில் அப்படம் ‘புதியா சிங்’ படத்திற்கு நிகரன்று. ஆயினும் ஓடுபவனே ஓட்டத்தைத் தேர்ந்துகொள்கிறான் என்னும் ஒன்றால், அதில் பயிற்சியாளரின் கண்டிப்பு நம் மனத்தை உறுத்துவதில்லை. புதியாவின் கதை உறுத்துவதற்குக் காரணம் கண்டிப்பின் அளவு மட்டும் அன்று. தேர்ந்துகொள்ளும் பருவமே அவனுக்கு வரவில்லை என்பதாகும்.

நன்னூலார் தரும் அளவுகோல்

பருவம் என்றதும் பவணந்தி முனிவர் நினைவிற்கு வருகிறார். நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு அவர் கூறும் உவமைகள் நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பன. அவற்றுள் நிலத்திற்குக் கூறும் தன்மைகளுள் பெருமையும் உறுதியும் பொறுமையும் உண்டு. பருவத்துக்கும் உழவனின் முயற்சிக்கும் ஏற்பப் பயன் தருதலும் உண்டு. முயற்சி ஒன்றை மட்டும் சொல்லி அவர் அமையவில்லை. பருவத்தையும் சேர்த்தே சொன்னார். எத்துணை நன்றாக உழுதாலும் பருவத்திற்கு முன்னர் விதைத்த வயல் பயன் தருவதில்லை. தாஸினிடம் முயற்சி இருந்தது, உறுதி இருந்தது, அன்பும் இருந்தது. பொறுமை இல்லை. பருவத்தை அவர் மதிக்கவில்லை.

துரோணரின் கதையையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். அவருடைய மாணவனாகிய அருச்சுனன் பெருவீரனானான், போரில் வென்றான். இன்றைய விளையாட்டுப் படமாயின் அவ்வெற்றியோடு துரோணர் மன்னிக்கப்பட்டிருப்பார். பாரதம் அவ்வாறு செய்யவில்லை. ஏகலைவனின் கட்டைவிரலை அது மறக்கவும் இல்லை. நம்மை மறக்கவிடவும் இல்லை. எத்தனை வெற்றிகள் வந்தாலும் அவ்விரலுக்கு அவை ஈடாகா என்பதே அப்பேரிலக்கியத்தின் நீதி. வெற்றி ஆசிரியரை விடுவிப்பதில்லை என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். திரையுலகம் அதனை மறந்திருக்கிறது. ‘புதியா சிங்’ படம், தன் குறைகளையும் மீறி, அந்த மறந்துபோன நீதியை நமக்கு நினைவூட்டுகிறது.

அதே வேளையில், தடையை மட்டும் விதித்து அமைந்துவிட்டோரையும் இவ்வளவுகோல் விட்டுவிடாது. பருவத்திற்கு முன் விதைப்பது பிழையெனின், பருவம் வந்தபின் விதைக்காமல் நிலத்தைத் தரிசாக விடுவதும் பிழையே. விடுதியில் அச்சிறுவனுக்குப் பாதுகாப்பும் படிப்பும் கிடைத்தன. ஆனால் ஒலிம்பிக் களத்திற்கு அவன் செல்லும் வழி அங்கிருந்து திறக்கவில்லை. அவனை ஓடவிட்டவர்களும் நிறுத்தியவர்களும் தத்தம் வழக்கை எடுத்துரைத்தனர்; இரண்டு வழக்குகளுக்கும் நடுவில் ஒரு குழந்தைப் பருவம் கழிந்துபோயிற்று.

நம் இல்லங்களில்

சொந்த ஊரைவிட்டுப் பிழைப்புக்காக வேற்று மாநிலங்களுக்கு வந்து வாழும் நமக்கு இக்கதை அயலார் கதையாகத் தோன்றலாம். நம் குழந்தைகள் பசியால் ஓடுபவர்கள் அல்லர். ஆயினும் புதிய ஊரில் நமக்கு நிலமும் இல்லை, சுற்றமும் இல்லை. பிள்ளைகளின் தேர்ச்சியே நாம் ஈட்டிய ஒரே சொத்து என்னும் எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. ஆறு வயதில் நாட்டிய மேடை, பத்து வயதில் போட்டித் தேர்வுக்குரிய பயிற்சி வகுப்பு, நூறு குறளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மழலைக்குக் கைத்தட்டல் என்று நாமும் மருட்கையை வளர்க்கிறோம். பொங்கல் விழா மேடையில் மிகச் சிறிய குழந்தைக்கே மிகப் பெரிய ஆரவாரம் எழுவதை யாவரும் அறிவர்.

இவற்றை விட்டுவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. உழைப்பின்றிக் கலையும் இல்லை, கல்வியும் இல்லை. நாம் சொல்ல விழைவது இவ்வளவே: பின்னால் வரப்போகும் வெற்றியைக் காட்டி இன்றைய கடுமைக்கு மன்னிப்புத் தேடிக்கொள்ளும் பழக்கம் நம்மிடமும் உண்டு. ‘பின்னாளில் எங்களுக்கு நன்றி சொல்வாய்’ என்று பிள்ளைகளிடம் நாம் கூறும்போது, இன்னும் வாராத ஒரு பதக்கத்தின் பேரில் இன்றே கடன் வாங்குகிறோம். அப்பதக்கம் வாராமலே போகலாம். அப்போதும் நாம் செய்தது சரியே என்று சொல்லத்தக்கவாறு இன்று நடந்துகொள்கிறோமா என்பதே ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

‘புதியா சிங்’ குறையற்ற படம் அன்று. பிற்பகுதியில் அது தன் துணிவைச் சற்று இழக்கிறது. தீர்ப்பைத் தானே எழுதிவிட முயல்கிறது. எனினும் வெற்றிக் கொடியை ஏற்றி நம்மை வீட்டுக்கு அனுப்பாத படம் அது. அன்புள்ள ஒருவர் தவறிழைக்க முடியும் என்றும், தவறிழைத்தவரிடம் அன்பு இருக்க முடியும் என்றும் ஒருசேரக் காட்டுகிறது. பிள்ளைகளோடு அமர்ந்து இதனைப் பாருங்கள். படம் முடிந்தபின், அச்சிறுவன் ஓடியிருக்க வேண்டுமா என்று அவர்களைக் கேளுங்கள். நமக்கு முன் அவர்களே பேசட்டும்.